நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டிக்கு ஏற்ற பல்விகிதம்

திருவண்ணாமலை வட்டாரத்தில் நிலக்கடலை, நெல் மூட்டைகளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்வதற்கும், எருவும் விதையும் வயலுக்குச் சேர்ப்பதற்கும் சொந்தப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் நிலக்காரர்கள் உண்டு. இவர்களில் ஜவ்வாது மலைப் பக்கம் போக்குவரத்து உடையவர்களும், மழைக்காலத்தில் ஏரிக்கரை வண்டிப்பாதையையே நம்பியிருப்பவர்களும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை நாடுவது இயல்பே. மஹிந்திரா பொலிரோ வகையிலும், ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் செய்யப்படும் இசுசூ டி-மேக்ஸ் வகையிலும் இத்தகைய பிக்கப்கள் விற்பனைக்கு வந்துள்ளன. பழைய ஜீப்பைச் சுமைவண்டியாக்கி ஓட்டுவோரும் உளர்.

வண்டி வாங்கியபின் அதற்குப் பெரிய டயர் பூட்டுவதும், ஏற்றத்தில் திணறுகிறதென்று பட்டறையில் கிரவுன்-பினியனை மாற்றுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. இம்மாற்றம் சிற்சில சமயங்களில் அவசியம். பல சமயங்களில் வீண் செலவு. அரைகுறையாகச் செய்யப்பட்டால் பெருநஷ்டம். மூன்றையும் பிரித்தறிவதற்கு வேண்டிய கணக்கு கடினமானதன்று. நில அளவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் இதையும் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

டிபரென்ஷியல் செய்யும் இரண்டு வேலைகள்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் பெரிய தேர் மாட வீதியின் மூலையில் திரும்புவதைக் கண்டிராதவர் இப்பக்கத்தில் இரார். அவ்வாறு திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிது தூரமே நகர, வெளிப்பக்கச் சக்கரம் அதைவிட மிகுதியான தூரம் உருள வேண்டியிருக்கிறது. மாட்டு வண்டியில் இதனால் தொல்லையில்லை. ஏனெனில் சக்கரங்கள் அச்சின்மேல் தனித்தனியே சுழல்கின்றன, இழுப்பதோ மாடு. மோட்டார் வண்டியில் சக்கரமே இழுக்கவேண்டியிருப்பதால் அவற்றை அப்படித் தனித்தனியே விட்டுவிட இயலாது. எஞ்சினின் பலத்தை இரு சக்கரங்களுக்கும் கொடுத்துக்கொண்டே, திருப்பத்தில் ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல இடங்கொடுப்பது டிபரென்ஷியலின் முதல் வேலை.

இரண்டாவது வேலையே இக்கட்டுரையின் விஷயம். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரமும், அதனால் சுழற்றப்படும் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரமும் உள்ளன. கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே பல்விகிதம். 47 பல்லும் 11 பல்லும் சேர்ந்தால் 4.27, 41-க்கு 9 ஆனால் 4.56, 39-க்கு 8 ஆனால் 4.88, 43-க்கு 8 ஆனால் 5.38. அதாவது 4.88 விகிதமுள்ள வண்டியில் தண்டு ஏறத்தாழ ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்.

செக்கில் பூட்டுந்தடி நீளமாயிருந்தால் மாட்டுக்கு இழுப்பு இலகுவாகும். ஆனால் நடக்கும் வட்டம் பெரிதாகும். இங்கும் அவ்வாறே. எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் அதிகமாகச் சுற்றும். எண் சிறிதானால் எஞ்சின் அமைதியாகச் சுற்றும், வேகம் கிடைக்கும், இழுவை குறையும். பட்டறைகளில் ‘ஹை’ என்றும் ‘லோ’ என்றும் வழங்கும் சொற்கள் எண்ணுக்கு நேர்மாறான பொருளில் வருவதுண்டாதலால், அச்சொற்களை நம்பிப் பேரம் பேசாமல் பல் எண்ணிக்கையையே கேட்டறிவது நலம்.

ஜீப்பின் உதாரணம்

இவ்விஷயத்தில் நாம் கற்கத்தக்க உதாரணம் வில்லிஸ் கம்பெனியாருடையது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய அவர்களுடைய ஜீப்பின் பல்விகிதம் 4.88. யுத்தம் முடியும் 1945-ஆம் ஆண்டில் அதையே குடியானவர்களுக்கென்று சி.ஜே. 2ஏ என்னும் பெயரில் விற்கத் தொடங்கியபோது, விகிதத்தை 5.38 ஆக்கினர். எஞ்சின் ஏறக்குறைய அதுவே. 60 குதிரை சக்தி. ஆனால் இனிமேல் அவ்வண்டி கலப்பையும் பாரமும் இழுக்கவேண்டியிருந்தது. பல்விகிதத்தோடு நில்லாமல், முன்னச்சைச் சேர்க்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியின் ‘லோ’ விகிதத்தை 1.97-லிருந்து 2.43-க்கு உயர்த்தினர், முதல் கியரையும் சற்றுத் தாழ்த்தினர். மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், யுத்த ஜீப்பில் மிகத் தாழ்ந்த கியரில் சக்கரம் ஒரு சுற்றுக்கு எஞ்சின் ஏறத்தாழ இருபத்தைந்தரைச் சுற்றுச் சுற்றியது. குடியானவர் ஜீப்பில் முப்பத்தாறரைச் சுற்று. அக்கம்பெனியின் உரிமத்தின்பேரில் மஹிந்திரா கம்பெனியார் நம் நாட்டில் நெடுங்காலம் செய்துவந்த சி.ஜே. 3பி ஜீப்பும் 5.38 விகிதம் கொண்டதே.

வில்லிஸ் கம்பெனியார் செய்த மாற்றத்தில் பெரும்பங்கு அச்சில் அன்று, கியர்களிலும் ட்ரான்ஸ்பர் பெட்டியிலுமே நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 4.88-லிருந்து 5.38-க்குச் சென்றதனால் கிடைத்த ஆதாயம் நூற்றுக்குப் பத்து மட்டுமே.

எந்தப் பயணத்தை வைத்து முடிவு செய்வது?

சேற்றில் ஒருமுறை வண்டி புதைந்துவிட்டால் உடனே பல்விகிதத்தின்மேல் பழி வருகிறது. இது தவறு. சேறு, மணல், ஆற்றுப்படுகை, கற்பாதை ஆகிய இடங்களில் முன்னச்சைச் சேர்த்து ‘லோ’ நெம்புகோலைப் போட்டுக்கொள்ளலாம். இக்காலத்துப் பிக்கப்களில் அது இழுவையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது. 4.27-ஐ 4.88 ஆக மாற்றினால் கூடுவதோ நூற்றுக்குப் பதினான்கு. கையெட்டும் நெம்புகோல் அவ்வளவு தருகையில், இரண்டு அச்சுகளையும் பிரித்துச் செலவு செய்து இவ்வளவு பெறுவானேன்?

ஆனால் அந்நெம்புகோலை உபயோகிக்கக்கூடாத இடமும் ஒன்று உண்டு. அது காய்ந்த தார்ச் சாலை. வேண்டும்போது மட்டும் முன்னச்சைச் சேர்க்கும் வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே டிபரென்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் செல்லவேண்டியிருப்பதால், தார்ப்பரப்பில் வழுக்க இடமின்றித் தண்டுகள் முறுக்கேறுகின்றன. ஆகவே போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுப் பாதையிலும், சாமை, புளி, பலா ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து இறங்கும்போதும் பின்னச்சு மட்டுமே வேலை செய்யும். அங்கேதான் பல்விகிதம் தன் உண்மையான குணத்தைக் காட்டுகிறது. ஆதலால் விகிதத்தைத் தீர்மானிக்கவேண்டியது, ஆண்டுக்கு இருமுறை அகப்படும் சேற்றை வைத்தன்று. வழக்கமாகச் சுமையோடு ஏறும் தார்ச் சாலையை வைத்தேயாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அன்பர்கள் தத்தம் வண்டியின் கையேட்டிலிருந்து சரியான எண்களை இட்டுக்கொள்க. சுமையோடு வண்டியின் எடை 2,700 கிலோ. சாலை பத்தடிக்கு ஓரடி உயர்கிறது. ஏற்றத்துக்காக 270 கிலோ இழுவை வேண்டும். டயர் உருள்வதற்கு நூற்றுக்கு இரண்டு வீதம் 54 கிலோ. ஆக 324 கிலோ. சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டரானால் அச்சில் வேண்டிய முறுக்கு விசை 324-ஐ 0.35-ஆல் பெருக்க, சுமார் 113 கிலோ-மீட்டர். எஞ்சினின் உச்ச முறுக்கு 20 கிலோ-மீட்டர், மூன்றாவது கியர் 1.4, வழியில் தேய்மானம் நூற்றுக்குப் பதினைந்து என்க. 4.27 விகிதத்தில் கிடைப்பது ஏறத்தாழ 102, போதாது. 4.88 விகிதத்தில் 116, மட்டுமட்டாகப் போதும்.

இதைக் கண்டு உடனே 4.88-க்கு மாறத் துணியவேண்டாம். அதே 4.27 வண்டி, 2.2 விகிதமுள்ள இரண்டாவது கியரில் 160 கிலோ-மீட்டர் முறுக்கு தருகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் ஓடினால் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். 4.88 வண்டியோ மூன்றாவது கியரில் 48 கிலோமீட்டர் போகும். முழுச் சுமையுடன், எதிரே பஸ் வரக்கூடிய மலைவளைவில் 35-க்கு மேல் ஓட்டவேண்டிய அவசியம் எவருக்கு உண்டு? மறுபுறம், மலையிலிருந்து இறங்கித் திருவண்ணாமலைக்கு வரும் சமவெளியில், நேர் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.27 வண்டியின் எஞ்சின் சுமார் 2,580 சுற்றுச் சுற்ற, 4.88 வண்டியின் எஞ்சின் சுமார் 2,940 சுற்றுச் சுற்றும். சமவெளியில் கழியும் மணிக்கணக்கே அதிகமானால் அந்த வேறுபாடு டீசலிலும் இரைச்சலிலும் தெரியும். கம்பெனியார் கொடுத்த டயரோடு, குறித்த சுமைக்குள் ஓடும் வண்டிக்கு விகிதத்தை மாற்றவேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். கியரைத் தக்க தருணத்தில் தாழ்த்தக் கற்ற டிரைவர் அதனினும் மலிவானவர். நாளுக்கு இருமுறை நிறைசுமையோடு மலையேறி, சமவெளிப் பக்கமே அரிதாக வருகின்றவர் மட்டும் பெரிய எண்ணைப்பற்றி யோசிக்கலாம்.

டயர் மாறினால் விகிதமும் மாறுகிறது

டயர் பெரிதானால், பற்சக்கரத்தைத் தொடாமலே விகிதத்தைச் சிறிதாக்கிவிட்டோம் என்று பொருள். பொலிரோவில் வழக்கமாயுள்ள 215/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் 733. வேறுபாடு நூற்றுக்கு நான்கு. 4.27 விகிதம் 4.10 போல நடந்துகொள்ளும். பெரும்பாலோர் இதை உணர்வதுகூட இல்லை. ஆனால் 31 அங்குல டயர் பூட்டினால் விட்டம் 787 மில்லிமீட்டர். நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல். 4.27 இப்போது 3.82 ஆகிவிட்டது. முன் சொன்ன ஏற்றத்தில் வேண்டிய முறுக்கு 113-லிருந்து ஏறத்தாழ 127-க்கு உயர, எஞ்சின் கொடுப்பதோ அதே 102. கிளட்ச் கருகுவது இங்கேதான்.

பழைய நிலையை அடைய, 4.27-ஐப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்கவேண்டும். வருவது 4.78. அந்த எண்ணில் பற்சக்கரம் அகப்படாவிட்டால், அருகிலுள்ள 4.88 தகும். இந்த ஒரு பெருக்கல் வகுத்தலே இவ்விஷயத்தின் முக்கிய சூத்திரம். எனினும் பெரிய டயரால் பிரேக்கின் பிடியும் குறைகிறது என்பதையும், அக்குறையைப் பல்விகிதம் சரிசெய்யாது என்பதையும் சேர்த்து எண்ணுக. மலை இறங்குகையில் தாழ்ந்த கியரின் பிடிப்பு ஓரளவு உதவும், நிறுத்துவது பிரேக்கே. ஏரிக்கரைப் பாதைக்குத் தரையிலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் உயரம் வேண்டுமென்றால், பாதையில் நான்கு வண்டி கிராவல் கொட்டுவது மலிவு என்று சொல்லத் தோன்றுகிறது.

முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கவேண்டும்

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியமானது. முன்னச்சின் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். செலவுக்கு அஞ்சியோ, முன்னச்சு எப்போதோதானே வேலை செய்கிறது என்று கருதியோ, பின்னச்சை மட்டும் மாற்றுவது கேடு. பின்னச்சு 4.56, முன்னச்சு 4.27 என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோலைப் போட்டவுடன், பின்சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன்சக்கரம் ஏறத்தாழ 107 மீட்டர் உருள முயலும். இளகிய சேற்றில் அந்த ஏழு மீட்டரும் வழுக்கிக் கழிந்துபோகும். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறதென்று உடையவர் நம்புவார். சேற்றைவிட்டுக் கெட்டித் தரைக்கு ஏறியதும் தண்டுகள் முறுக்கேறி, நெம்புகோல் விடுபட மறுக்கும், டயர் தேயும், இறுதியில் ட்ரான்ஸ்பர் பெட்டியோ, அச்சுத் தண்டோ, சிலுவை ஜாயிண்டோ ஒடியும். அது பெரும்பாலும் நிறைசுமையோடு, உதவி கிட்டாத இடத்தில்தான் நிகழும். இதே காரணத்தால் முன்னால் புதிய டயர், பின்னால் தேய்ந்த டயர், அல்லது வெவ்வேறு அளவு என்று ஓட்டுவதும் கூடாது.

பழைய வண்டி வாங்குவோருக்கு இது கட்டாயச் சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரை நடுவில் விட்டு, முன்னச்சின் இணைப்பை நீக்குக. பழைய ஜீப்புகளின் கைப்பிரேக் பின்தண்டையே பிடிப்பதாகையால் அதையும் விடுத்தாக வேண்டும். கட்டைகள் அதனால் இன்றியமையாதன. பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கித் தாங்கியின்மேல் நிறுத்துக. டயரிலும் தண்டிலும் சுண்ணாம்புக் குறியிட்டு, ஒருவர் சக்கரத்தைக் கையால் சரியாக 20 சுற்றுச் சுற்ற, மற்றவர் வண்டிக்கு அடியில் புகாமல் பக்கத்திலிருந்தே தண்டின் சுற்றுகளை எண்ணவேண்டும். ஒரு சக்கரம் நின்றிருப்பதால் 20 சுற்று 10 சுற்றுக்குச் சமம். தண்டு ஏறத்தாழ 42¾ சுற்றினால் விகிதம் 4.27, 45½ சுற்றினால் 4.56, 48¾ ஆனால் 4.88, 53¾ ஆனால் 5.38. முன்னச்சிலும் இவ்வாறே செய்க. சக்கரக் குடத்தில் பூட்டு இருந்தால் அதைப் பூட்டிய பின்பே எண்ணவேண்டும். வழுக்கைத் தடுக்கும் விசேஷ டிபரென்ஷியல் உள்ள அச்சுக்கு இரு சக்கரங்களையும் தூக்கி, இரண்டையும் ஒருசேரப் பத்துச் சுற்றுச் சுற்றுக. இரண்டு எண்களும் ஒத்துவராத வண்டியை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கவேண்டாம். அல்லது ஓர் அச்சை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுக. கூட்டாக வண்டி வாங்கும் குழுக்களுக்குக் கிராம அலுவலர்கள் இச்சோதனையை எடுத்துச் சொன்னால் பெரும் உபகாரமாகும்.

எண்ணைச் சிறிதாக்கவேண்டிய சந்தர்ப்பம்

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டிருந்தால் கணக்குத் தலைகீழாகும். பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றுவரை ஓடக்கூடியது, 5.38 விகிதம் அதற்கென்றே அமைந்தது. டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினோ மெதுவாகச் சுற்றிப் பலமாக இழுப்பது. அதை 2,500 சுற்றுக்கு மேல் விரட்டாமல் ஓட்டினால், முன் சொன்ன 703 மில்லிமீட்டர் டயரோடு 5.38 விகிதத்தில் மணிக்கு 62 கிலோமீட்டருக்குமேல் போகாது, 4.27 ஆனால் 78 வரை போகும். இழுவைக்குக் குறைவில்லாத எஞ்சினுக்குப் பெரிய எண் வீண் சுமை. இங்கே இரண்டு அச்சுகளையும் 4.27-க்கோ 4.56-க்கோ கொண்டுவருவது தகும்.

பட்டறையில் கவனிக்கவேண்டியவை

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒரு வண்டியின் கிரவுனை மற்றொரு வண்டியின் பினியனோடு சேர்ப்பது, பல் எண்ணிக்கை பொருந்தினாலும், ஊளைச் சத்தத்தையும் விரைந்த தேய்மானத்தையும் தரும். எண் பெரிதாகப் பெரிதாகப் பினியன் சிறுத்து, பல் குறைந்து, பலமும் குறைகிறது என்பதும் பெரிய எண்ணை ஆசைப்பட்டு வாங்குவோர் அறியவேண்டியது. சில அச்சுகளில் விகிதம் மாறினால் டிபரென்ஷியல் கூண்டும் மாறவேண்டிவரும். விலை கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுக. பற்களுக்கிடையே விடும் இடைவெளியை டயல் அளவியால் அளந்தும், பல்லில் மை தடவிச் சுற்றி அடையாளம் பார்த்தும் பொருத்தும் பட்டறையிடமே வேலையை ஒப்படைக்கவேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தே பொருத்திவிடுகிறேன் என்பவரிடம் மாட்டு வண்டியைத் தரலாம்.

வேகங்காட்டி பெரும்பாலான பழைய வண்டிகளில் ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து இயங்குவது. விகிதத்தைப் பெரிதாக்கினால் அது உள்ளதைவிட அதிக வேகத்தைக் காட்டும். டயரை மட்டும் பெரிதாக்கினால் குறைவாகக் காட்டும். இரண்டாவது நிலைமை ஆபத்தானது. சக்கரத்திலேயே உணர்கருவி வைத்து மின்கணினியால் நடத்தப்படும் புதிய வண்டிகளில் இம்மாற்றங்களைச் செய்யுமுன் கம்பெனிப் பட்டறையின் யோசனையைப் பெறுக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உடையவர் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆதலால் டயரளவையோ எஞ்சினையோ மாற்றக் கருதுவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதற் கேள்விகளில் இதுவும் ஒன்றாகலாம்.

புதிய ஜோடி பொருத்தியவுடன் முழுச்சுமை ஏற்றி மலையேறக்கூடாது. முதல் நாட்களில் வெறும் வண்டியாகப் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, அச்சுப்பெட்டி ஆறியபின் மறுபடி ஓட்டுக. பெட்டியின்மேல் கைவைக்க முடியாத சூடு கண்டால் இடைவெளி போதவில்லை என்று அறிந்து, உடனே பட்டறைக்குத் திருப்புக. கையேட்டில் குறித்த கடுஞ்சுமைக் கியர் எண்ணெயையே முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விடுக. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதை வடித்துப் பார்த்தால், மெல்லிய சாம்பல் நிறத்துகள் இருப்பது வழக்கமே. நகத்தில் தட்டுப்படும் அளவு இரும்புச் சில்லு கிடைத்தால் அச்சைத் திறந்து பார்க்காமல் வண்டியை மலைப்பாதைக்கு அனுப்பவேண்டாம்.